செம்பனையும் கூன்வண்டும்: தோட்ட வரலாற்றில் ஓர் ஏடு

தமிழ் படித்தவர்க்கு வண்டு புதிதன்று. குறுந்தொகையின் இரண்டாம் பாட்டே தும்பியை விளித்துக் கேட்கும் ஒரு வினாதான். மலருள்ள இடத்தில் வண்டு உண்டென்பது நம் புலவர்கள் நன்கறிந்த செய்தி. ஆயினும், வண்டு தேனை நாடிப் பூவிடம் செல்கிறது என்பதைக் கண்ட உலகம், வண்டு வாராவிடில் பல பூக்கள் காயாகமாட்டா என்பதைக் கண்டுகொள்ள நெடுங்காலம் ஆயிற்று.

ஜெர்மனியில் ஸ்பாண்டௌ என்னும் ஊரில் பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவர் கிறிஸ்டியன் கொன்ராட் ஸ்பிரெங்கல். மலரின் நிறமும் மணமும் தேனும் பூச்சிகளை அழைக்கவே அமைந்தவை என்றும், அப்பூச்சிகளே மகரந்தத்தைச் சுமந்து சென்று சேர்க்கின்றன என்றும் 1793-இல் அவர் ஒரு நூலில் விளக்கினார். அன்றைய அறிஞர்கள் அதைப் பெரிதாக மதிக்கவில்லை. ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்துச் சார்லஸ் டார்வின் அந்நூலைப் படித்துப் போற்றிய பின்னரே அதன் பெருமை வெளிப்பட்டது.

பூச்சி செய்யும் வேலை கண்ணுக்குப் புலப்படுவதில்லை. அது நின்றுபோன பிறகே புலப்படுகிறது. இவ்வுண்மையை நம் நாட்டுத் தோட்டங்கள் இருமுறை பெரும் பொருட்செலவில் கற்றன. முதன்முறை, நன்மை செய்யும் பூச்சிகளை நஞ்சிட்டுக் கொன்று கற்றன. இரண்டாம் முறை, பூச்சி இல்லாத இடத்தில் அதன் வேலையை மனிதக் கைகளால் செய்து பார்த்துக் கற்றன. இவ்விரு பாடங்களையும் சேர்த்துப் படித்தால், தேனீ முதலிய பூச்சிகளை நஞ்சிலிருந்து காக்கவேண்டும் என்று இன்று எழும் குரலின் பொருள் நமக்கு நன்கு விளங்கும்.

மரம் வந்தது, துணை வரவில்லை

செம்பனையின் தாயகம் ஆப்பிரிக்கா. 1848-இல் நான்கு கன்றுகள் ஜாவாத் தீவின் போகோர் தாவரத் தோட்டத்தில் நடப்பட்டன. தென்கிழக்காசியத் தோட்டங்களில் பரவிய செம்பனையின் வழிமுறை பெரும்பாலும் அந்த நான்கு மரங்களிலிருந்தே தொடங்குகிறது. மலாயாவில் வாணிக முறையில் முதன்முதலாக இதைப் பயிரிட்டவர் ஆன்றி ஃபோக்கொனியே என்னும் பிரெஞ்சுக்காரர். பிற்காலத்தில் மலாயாவைப் பற்றி நாவல் எழுதி, 1930-இல் பிரான்சின் கொங்கூர் பரிசைப் பெற்றவரும் இவரே. 1917-இல் சிலாங்கூரின் பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத்தில் அவர் செம்பனை நட்ட தோட்டத்தின் பெயர் தென்னமரம். அப்பெயரிலேயே தமிழ் ஒலிக்கிறது.

மரம் கடல் கடந்து வந்தது. ஆனால், ஆப்பிரிக்கக் காட்டில் அம்மரத்தோடு வாழ்ந்த பூச்சி உடன் வரவில்லை. இதனை அறுபது ஆண்டுகளாக எவரும் ஒரு குறையாக எண்ணவில்லை. செம்பனையில் ஆண்பாளை வேறு, பெண்பாளை வேறு. ஒரே மரம் சில காலம் ஆண்பாளைகளையும், சில காலம் பெண்பாளைகளையும் மாறி மாறித் தள்ளும். ஆகவே, ஒரு மரத்தின் மகரந்தம் மற்றொரு மரத்தின் பெண்பாளைக்குச் சென்றாகவேண்டும். இவ்வேலையைக் காற்றே செய்துவிடுகிறது என்பதுதான் அக்காலத்தார் கொண்ட கருத்து.

மருந்து வந்த காலம்

இரப்பர் விலை தளர்ந்த காலத்தில் தோட்டங்கள் பால்மரத்தை விட்டுச் செம்பனைக்கு மாறத் தொடங்கின. 1960-இல் ஏறத்தாழ 55,000 ஹெக்டர் நிலத்தில் இருந்த செம்பனை, 1980-இல் பத்து இலட்சம் ஹெக்டரைத் தாண்டிவிட்டது. இப்பெருக்கம் தொடங்கிய காலமே புதிய பூச்சிக்கொல்லிகள் உலகெங்கும் பரவிய காலமுமாகும். டி.டி.டி. என்னும் இரசாயனம் பூச்சிகளைக் கொல்லும் திறனுடையது என்பதைச் சுவிட்சர்லாந்தின் பால் முல்லர் 1939-இல் கண்டறிந்தார்; அதற்காக 1948-இல் நோபெல் பரிசும் பெற்றார். அதைத் தொடர்ந்து டீல்டிரின், என்டிரின் முதலியவையும் தோட்டங்களுக்கு வந்தன. இவை இலையில் நெடுநாள் தங்கி, தொட்ட பூச்சியையெல்லாம் கொல்லும் இயல்புடையவை.

இங்கே ஒரு சொல்லைச் சற்று நின்று நோக்கவேண்டும். நம் மக்கள் இந்த நஞ்சுகளுக்கு இட்ட பெயர் ‘மருந்து’ என்பது. களையைக் கொல்வதும் மருந்து. பூச்சியைக் கொல்வதும் மருந்து. காய்ச்சலுக்கு மருத்துவர் தருவதும் மருந்து. நோயைத் தீர்க்கும் பொருளின் பெயர் உயிரைப் போக்கும் பொருளுக்கு அமைந்துவிட்டதால், அதனைக் கையாள்வதில் வேண்டிய அச்சமும் நம்மிடம் குறைந்துவிட்டது.

1950-களின் இறுதியிலும் 1960-களின் தொடக்கத்திலும் செம்பனைத் தோட்டங்களில் பைப்புழுக்கள் பெருவாரியாகத் தோன்றின. இலைத் துணுக்குகளைப் பட்டு நூலால் பிணைத்து ஒரு பை செய்து, அதனுள் இருந்தபடியே இலையைத் தின்னும் புழு இது. கடுமையாகத் தாக்கப்பட்ட மரத்தின் மட்டைகள் தீய்ந்தவைபோல் காய்ந்து தொங்கும். புழுவைக் கண்டதும் மருந்தடித்தார்கள். சில மாதங்களில் புழு முன்னிலும் மிகுதியாக வந்தது. மீண்டும் அடித்தார்கள், அது மீண்டும் வந்தது.

இதன் காரணத்தை ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் பிரையன் உட் என்னும் பூச்சியியல் அறிஞர். மலேசியச் செம்பனையின் பகைப்பூச்சிகளைப் பற்றி 1968-இல் அவர் வெளியிட்ட நூல் தோட்டத்துறையில் பெயர்பெற்றது. பைப்புழுவுக்கு இயற்கையிலேயே பகைவர் பலர் உண்டு. புழுவின் உடலில் முட்டையிடும் சிறு குளவிகள் உண்டு. புழுவைக் குத்தி உறிஞ்சும் நாவாய்ப்பூச்சிகளும் உண்டு. இவை இலைமேல் திறந்த வெளியில் திரிபவை. ஆதலால் நஞ்சு முதலில் இவற்றையே கொன்றது. புழுவோ தன் பைக்குள் ஒளிந்து பிழைத்தது. காவற்காரன் மாண்டான், கள்வன் மிஞ்சினான். டீல்டிரினை வேண்டுமென்றே திரும்பத் திரும்பத் தெளித்து, அதனாலேயே பைப்புழுப் பெருக்கத்தை உண்டாக்கிக் காட்டி, உட் தம் கருத்தை மெய்ப்பித்தார்.

கொக்கோ தந்த சான்று

இதே பாடம் அன்றைய வடபோர்னியோவிலும், இன்றைய சபாவில், கற்கப்பட்டது. தாவாவ் நகரை அடுத்த குவாயின் ஹில் பகுதியில் காட்டை வெட்டிக் கொக்கோ பயிரிட்டனர். 1959 முதல் 1961 வரை டி.டி.டி., டீல்டிரின், என்டிரின் முதலிய நஞ்சுகள் அங்கே மாறி மாறித் தெளிக்கப்பட்டன. ஆயினும் கிளைதுளைக்கும் புழு, இலைதின்னும் புழு, பைப்புழு என ஒன்றன்பின் ஒன்றாகத் தொல்லை பெருகியதே அன்றிக் குறையவில்லை.

அங்கே பணியாற்றிய கார்டன் கான்வே என்னும் இளம் பூச்சியியலாளர், தெளிப்பதை நிறுத்தும்படி அறிவுரை கூறினார். பயிர் அழிந்துகொண்டிருக்கும் வேளையில் மருந்தை நிறுத்தென்று சொல்வதற்கும் துணிவு வேண்டும். அதைக் கேட்டு நடப்பதற்கும் துணிவு வேண்டும். 1961-இன் பிற்பகுதியில் தெளிப்பு நிறுத்தப்பட்டது. ஒட்டுண்ணிக் குளவிகள் திரும்பி வந்தன. கிளைதுளைக்கும் புழுக்கள் அடங்கின. பட்டையைத் துளைக்கும் மற்றொரு புழு வளர்ந்த காட்டு மரங்களை அகற்றியதும் அத்தொல்லையும் தணிந்தது. பைப்புழுவுக்கு மட்டும், பிற உயிர்களுக்குக் கேடு குறைவாக உள்ள ஒரு மருந்தைத் தேர்ந்து அடித்தனர்.

இதில் மற்றுமொரு செய்தியும் உண்டு. கொக்கோவின் பூ மிகச் சிறியது. அதில் மகரந்தம் சேர்ப்பவை தேனீக்கள் அல்ல. அழுகிய தோட்டிலும் இலைச்சருகிலும் வளரும், கொசுவினும் சிறிய ஒருவகை ஈக்களே. எல்லாப் பூச்சியையும் கொல்லும் நஞ்சு இவற்றையும் விட்டுவைப்பதில்லை. புழுவைக் கொல்லப் புறப்பட்டவன் காயையும் சேர்த்துக் கொல்லுகிறான்.

கை செய்த வேலை

இனி இரண்டாம் பாடத்தைப் பார்ப்போம். செம்பனைத் தோட்டங்கள் பெருகியபோது, பல இடங்களில் இளமரங்களின் குலைகள் சரியாகக் காய்க்கவில்லை. ஆயிரத்துக்கு மேற்பட்ட பழங்கள் இருக்கவேண்டிய குலையில் பாதி இடம் வெறுமையாக இருந்தது. சில குலைகள் முற்றாமலே அழுகின. மகரந்தம் போதவில்லை என்று அறிந்து, அதனைக் கையால் சேர்க்கும் முறையைக் கொண்டுவந்தனர். ஆண்பாளையிலிருந்து மகரந்தத்தைத் தட்டி எடுத்து, உலர்த்தி, டால்க் மாவுடன் கலந்து, குழாயில் இட்டு, விரிந்திருக்கும் பெண்பாளைமேல் ஊதவேண்டும். பெண்பாளை மகரந்தத்தை ஏற்கும் காலம் இரண்டொரு நாள்தான். ஆகையால் வாரத்தில் இரண்டு மூன்று முறை ஒவ்வொரு மரத்தையும் சுற்றிப் பார்த்தாகவேண்டும்.

1970-களின் இறுதியில் தோட்டப் பள்ளியில் தொடக்க வகுப்புப் படித்தவன் நான். காலைப் பிரட்டு முடிந்ததும் தோளில் பையும் கையில் குழாயுமாகப் பெண்கள் வரிசையாகச் செம்பனைக்குள் நுழைவதைப் பார்த்திருக்கிறேன். முள்மட்டைகளை விலக்கி, பாளையைத் தேடி, ஊதிவிட்டு அடுத்த மரத்துக்குச் செல்வார்கள். மாலையில் திரும்பும்போது கையெல்லாம் கீறலாகவும், தலையெல்லாம் வெண்மாவாகவும் இருக்கும். ஒரு சிறு பூச்சி செய்யவேண்டிய வேலையைத் தாங்கள் செய்துகொண்டிருந்ததை அவர்கள் அறியார். அவர்களை அனுப்பிய துரைமாரும் அறியார்.

கேமரூனிலிருந்து வந்த விருந்தாளி

ஐயம் எழுப்பியவர் யூனிலீவர் நிறுவனத்தின் தோட்டப் பிரிவில் உயர் பதவி வகித்த லெஸ்லி டேவிட்சன். அவர் மலாயாவிலும் கேமரூனிலும் பணியாற்றியவர். கேமரூனில் எவரும் மகரந்தம் ஊதுவதில்லை. ஆயினும் குலைகள் நிறைந்து காய்த்தன. அங்கே ஆண்பாளைகளில் சிறு வண்டுகள் மொய்ப்பதையும் அவர் கண்டிருந்தார். ‘காற்றே போதும்’ என்ற கொள்கை உண்மையானால், இரண்டு நாட்டுக்கும் இவ்வேறுபாடு ஏன்?

இதனை ஆராயும் பொறுப்பு, காமன்வெல்த் உயிரியல் கட்டுப்பாட்டு நிலையத்தைச் சேர்ந்த ஆர். ஏ. சையத் என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1977-இல் கேமரூனில் ஆராய்ச்சி தொடங்கியது. செம்பனையில் மகரந்தம் சேர்ப்பது பெரும்பாலும் பூச்சிகளே என்றும், அவற்றுள் சிறந்தது எலைடோபியஸ் கேமரூனிக்கஸ் என்னும் கூன்வண்டு என்றும் சையத் நிறுவினார்.

இவ்வண்டின் வாழ்க்கை வியப்புக்குரியது. ஆண்பாளை மலரும்போது அதிலிருந்து சோம்பின் வாசனை போன்ற மணம் எழும். அம்மணத்தை நாடி வண்டுகள் ஆயிரக்கணக்கில் வந்து மொய்க்கின்றன. அங்கேயே உண்டு, முட்டையும் இடுகின்றன. புழுக்கள் வாடிய ஆண்பூக்களைத் தின்று வளர்கின்றன. முட்டை வண்டாக மாற ஏறத்தாழ இரண்டு வாரம் போதும். பெண்பாளையும் விரியும்போது அதே மணத்தை விட்டுவிட்டு வீசுகிறது. ஆண்பாளை என்றெண்ணி வண்டு அங்கே செல்கிறது. தன் உடலில் ஒட்டிய மகரந்தத்தைச் சிந்திவிட்டு ஏமாந்து திரும்புகிறது. அந்த ஏமாற்றமே நமக்கு எண்ணெய்.

அயல்நாட்டு உயிரொன்றைப் புதுநாட்டில் விடுவது விளையாட்டன்று. இவ்வண்டு வேறு பயிர்களைத் தின்னுமா என்று பலவகைச் செடிகளில் சோதித்தனர். 1980-இல் மலேசியாவுக்குக் கொண்டுவந்து தனிமைக் காவலில் வைத்து வளர்த்தனர். செம்பனையின் ஆண்பூவன்றி வேறெதிலும் அது இனம் பெருக்காது என்று தெளிந்த பின்னர், 1981 பிப்ரவரியில் ஜொகூரின் குளுவாங் வட்டாரத்துத் தோட்டமொன்றில் முதன்முதலாக விட்டனர். அடுத்துச் சபாவிலும் விட்டனர். ஓரிரு ஆண்டுகளில் வண்டு நாடெங்கும் பரவியது. குலைகள் நிறைந்தன, சபாவில் விளைச்சல் உயர்வு தீபகற்பத்தைவிட மிகுதியாக இருந்தது. மகரந்தம் ஊதும் வேலைக்கு அத்துடன் முடிவு வந்தது. பிறகு இந்தோனேசியாவும் பாப்புவா நியூகினியும் இவ்வண்டை வரவழைத்துக்கொண்டன.

வண்டு வந்தபின் வந்த பொறுப்பு

இரு பாடங்களும் சந்திக்கும் இடம் இதுவே. 1981-க்கு முன் செம்பனையில் தெளித்த நஞ்சு குளவியைக் கொன்றது. அதனால் புழு பெருகியது. 1981-க்குப் பின், பாளை விரிந்திருக்கும்போது தெளிக்கும் நஞ்சு கூன்வண்டையும் கொல்லக்கூடும். அதனால் காயே குறையும். பைப்புழுவோ இன்னும் ஒழியவில்லை. 2013-இல் மலேசிய அரசு அதனை அபாயகரமான பகைப்பூச்சி என்று சட்டப்படி அறிவித்தது. எனவே வினா, மருந்து வேண்டுமா வேண்டாவா என்பதன்று. எம்மருந்தை, எப்போது, எவ்விடத்தில், எவ்வளவு என்பதே.

இதற்கு விடைகள் உள்ளன. பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்னும் நுண்ணுயிரைக் கொண்டு செய்யப்படும் மருந்தைப் பைப்புழுவுக்கு எதிராகப் பயன்படுத்துகின்றனர். அதற்கென்று தேர்ந்த வகை, இலையோடு அதனைத் தின்ற புழுவின் குடலைத் தாக்கும். கூன்வண்டுக்குத் தீங்கு செய்யாது. மரத்தண்டில் துளையிட்டு நஞ்சைச் செலுத்தும் முறையும் உண்டு. அது பாளைமேல் படாமல் சாற்றோடு இலைக்கு ஏறும். ஆனால் அதற்குப் பயன்பட்ட மொனோகுரோட்டோபாஸ் போன்றவை மனிதர்க்குக் கொடிய நஞ்சு என்பதை மறத்தலாகாது. தோட்டப் பாதையோரங்களில் பூச்செடி வைத்து, குளவிகளுக்குத் தேன் கிடைக்கச் செய்வது இன்னொரு வழி. மலாய்க்காரர் ‘ஆயிர் மாத்தா பெங்கான்தின்’, அதாவது மணமகளின் கண்ணீர், என்றழைக்கும் இளஞ்சிவப்புப் பூக்கொடியைப் பல தோட்டங்களில் காணலாம். அது அழகுக்காக மட்டும் வைத்ததன்று.

இவை யாவற்றுக்கும் முன்னே செய்யவேண்டியது எண்ணிப் பார்ப்பது. ஒரு மட்டையில் எத்தனை உயிருள்ள புழு என்று எண்ணி, எல்லை மீறினால் மட்டும் மருந்தை எடுப்பது. நாட்காட்டியைப் பார்த்து அடித்த மருந்தே முன்னாளில் நம்மைக் கெடுத்தது.

ஒரே வண்டை நம்பி ஒரு நாட்டின் பயிர் நிற்பதில் ஆபத்தும் உண்டு. அண்மை ஆண்டுகளில் சில தோட்டங்களில் காய்ப்பிடிப்பு மீண்டும் குறைந்தது. பெருமழை, ஆண்பாளை மிகக் குறைவாகத் தள்ளும் புதிய மரவகை, நஞ்சு எனக் காரணங்கள் பல கூறப்படுகின்றன. சில இடங்களில் வண்டுகளைப் பெட்டியில் பொரிக்கச் செய்து, மகரந்தம் பூசிப் பறக்கவிடும் முறையையும் கையாண்டுள்ளனர். கையின் வேலை மீண்டும் எட்டிப் பார்க்கிறது.

தேனீக்கும் அதே கதை

வெளிநாடுகளில் இக்கதையின் நாயகன் தேனீ. 2008-இல் ஜெர்மனியின் ரைன் பள்ளத்தாக்கில் குளோத்தியானிடின் என்னும் நஞ்சு பூசிய சோள விதையை விதைத்தபோது, அதன் தூசி காற்றில் பறந்து அண்டையில் பூத்திருந்த செடிகளில் படிந்தது. 11,000-க்கு மேற்பட்ட தேனீக் குடும்பங்கள் பாதிக்கப்பட்டன. நஞ்சை இட்டவர் தேனீயைக் கொல்ல எண்ணவில்லை, தேனீயை எண்ணவேயில்லை. நெடிய ஆராய்ச்சிக்குப் பின் 2018-இல் ஐரோப்பிய ஒன்றியம், அதனையும் அவ்வினத்தைச் சேர்ந்த வேறு இரண்டையும் திறந்த வெளிப் பயிர்களில் பயன்படுத்தத் தடை விதித்தது.

நம் நாட்டிலும் இன்று கம்பங்களில் கெலுலுட் எனப்படும் கொசுத்தேனீ வளர்ப்போர் பலர். அவர்களின் கூடுகளுக்கு அண்மையில் மருந்தடிப்பவர் முன்கூட்டியே சொல்வதும், பூ மலர்ந்திருக்கும் செடியைத் தவிர்ப்பதும், தேனீ கூடு திரும்பிய மாலை வேளையைத் தேர்வதும் செலவில்லாத காவல்கள்.

பூச்சியும் பெண்ணும்

ஒன்றைச் சொல்லாமல் முடிப்பது நேர்மையாகாது. மகரந்தம் ஊதிய பெண்கள் வண்டு வந்தபின் என்ன ஆனார்கள்? எங்கள் தோட்டத்தில் அவர்களுட் பலர் களைமருந்து அடிக்கும் கூட்டத்துக்கு மாற்றப்பட்டனர். மாவு சுமந்த தோள் நஞ்சு சுமந்தது. முதுகில் பம்பு, கையுறையும் முகமூடியும் எப்போதாவதுதான். நகம் கறுத்ததையும் மூக்கில் குருதி கசிந்ததையும் அவர்கள் தலைவிதி என்றே கொண்டனர்.

தோட்டத்து மருந்தடிப்போரின் நிலையைப் பற்றித் தெனாகானிதா அமைப்பு வேறோர் அமைப்புடன் சேர்ந்து நடத்திய ஆய்வு 2002-இல் வெளிவந்தது. அவ்வாண்டே பாராகுவாட் என்னும் களைக்கொல்லியைத் தடைசெய்யப் போவதாக அரசு அறிவித்தது. 2006-இல் அத்தடை தளர்த்தப்பட்டது. இறுதியில் 2020 ஜனவரி முதல் நாள்தான் முழுத் தடை நடப்புக்கு வந்தது. பதினெட்டு ஆண்டுக் காலம் அந்தத் தீர்ப்புக்காகக் காத்திருந்தவை மனித உடல்கள்.

பூச்சியைக் காப்பது ஏதோ செல்வர்க்குரிய பொழுதுபோக்கு என்று நம்மில் சிலர் நினைக்கின்றனர். தோட்ட வரலாறு அவ்வாறு கூறவில்லை. வரப்போரத்துப் பூவை அழித்துக் குளவியின் உணவைப் பறித்த அதே நஞ்சுதான், அதனைத் தெளித்தவளின் நகத்தையும் கருக்கியது. பூச்சிக்கு எது கேடு என்று கேட்கத் தெரிந்த தோட்டம், தொழிலாளிக்கு எது கேடு என்றும் முன்னதாகவே கேட்டிருக்கும்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்க்கு ஒரு வேண்டுகோள். செம்பனை அருகிலிருந்தால், மருந்தடிக்காத நாளொன்றில் மாணவர்களை அழைத்துச் சென்று மலர்ந்த ஆண்பாளை ஒன்றைக் காட்டுங்கள். முதலில் சோம்பின் மணம் வரும். பிறகு பாளை முழுதும் அசைவது தெரியும். அவ்வசைவே நான் சொன்ன வண்டு. அது கூலி கேட்பதில்லை, பிரட்டுக்கும் வருவதில்லை, ஆகவே எந்தக் கிராணியின் ஏட்டிலும் அதன் பெயர் இல்லை. அது வேலைக்கு வராத நாட்களை மட்டும், பின்னர் வரும் குலைகளின் எடை ஏட்டில் எழுதிவிடும்.